ஞாயிற்றுக்கிழமை மாட்டிய வண்டி

"இப்பப் பாருங்க்கா!" டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்தபடியே சென்னியப்பன் கத்தினான். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த சாந்தாமணி ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தாள். இஞ்சின் எழுந்து அடங்கியது. "இருக்குதுங் தம்பி. அப்படியேதான் இருக்குது." அப்படியேதான் இருக்கிறதாம். எது? எங்கே? ஒரு மணி நேரமாக இந்த ஆம்ப்ளிஃபயரின் ஒவ்வொரு திருகையும் கழற்றி மாட்டியாகிவிட்டது. ஃப்யூஸை மூன்று தடவை பிடுங்கி ஊதியாகிவிட்டது. தகரக் கூரை வழியாக இறங்கிய சித்திரை வெயில் முதுகின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து ஊஃபர் பெட்டியின்மேல் சொட்டுகிறது. இந்தம்மாள் ஏசிகூடப் போடாமல், போட்டால் சத்தம் சரியாகப் பிடிபடாது என்று கண்ணை மூடிக்கொண்டு, சாமி கும்பிடுகிறவள்போல உட்கார்ந்து இருக்குது இருக்குது என்கிறாள். காங்கேயத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஆடியோ கடை. எத்தனை வண்டிக்குப் பாட்டுப் பெட்டி மாட்டியிருப்பான்! இல்லாத சத்தத்தை இருக்கிறது என்று சாதித்து மூன்றாவது தடவையாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிற முதல் ஆள் இவள்தான். போன தடவை, "வண்டி புதுசுங்க்கா, போகப்போகச் சரியாயிரும்" என்று அனுப்பினான். அதற்கு முந்தின தடவை, "செல்போன பக்கத்துல வெக்காதீங்க்கா" என்று அனுப்பினான். இந்தத் தடவை சொல்ல எதுவும் மிச்சமில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

சாந்தாமணி வள்ளி கும்மி வாத்தியார். வார நாளெல்லாம் சாயங்காலமானால் ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குக் கும்மி சொல்லித் தருகிறவள், வண்டியைக் காட்ட அவளுக்கு ஞாயிறுதான் ஒழிவு. கோயில் மைதானத்தில் காரை நிறுத்தி டிக்கியைத் திறந்து விட்டால் அதுவே மேளம், அதுவே மைக் செட்டு. அதற்காகத்தான் நாலு சேனல் ஆம்ப், அடித்தாளத்துக்குப் பெரிய ஊஃபர், நாலு கதவிலும் சின்ன ஸ்பீக்கர் என்று கேட்டுக் கேட்டு மாட்டினாள். இன்றைக்கு ஆறு மணிக்கு வெள்ளகோவில் பக்கம் அரங்கேற்றம், ஐம்பது பெண்கள். "அடிக்கும் அடிக்கும் நடுவுல ஒரு நிறுத்தம் வரும் பாருங் தம்பி, புள்ளைங்க கையத் தூக்கிட்டு நிப்பாங்க, அப்பத்தான் இந்தச் சனியன் பூந்துக்குது. ஙீன்னு. கொசு காதுகிட்ட வந்தாப்பல. மிதிக்க மிதிக்க ஏறுது." மிதிக்க மிதிக்க ஏறுகிறதென்றால் அது என்ன வியாதி என்று சென்னியப்பனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பேட்டரியிலிருந்து வரும் பவர் ஒயரின் சத்தம் பாட்டு ஒயருக்குள் ஏறிவிடுகிறது, இல்லையென்றால் எர்த் சரியில்லை. வேறொன்றும் கிடையாது. ஆனால் அது கேட்க வேண்டும் அல்லவா? வியாதி இருந்தால்தானே வைத்தியம்? அவன் டிக்கியிலிருந்து உருவிக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டான். கதவுப்பக்கம் சாய்ந்து கேட்டான். இஞ்சின் சத்தம் வந்தது. சாலையில் போகும் லாரியின் சத்தம் வந்தது. பாட்டு ஓடாத வண்டி பாட்டு ஓடாத வண்டியாகத்தான் இருந்தது.

மறுபடியும் டிக்கிக்குப் போய் ஊஃபர்மேல் உள்ளங்கையை வைத்தான். இது அவனுடைய முறை. மற்றவன் காதைச் சாய்ப்பான், மீட்டரை நீட்டுவான்; சென்னியப்பன் கையை வைப்பான். ஸ்பீக்கர் கூம்பில் கை பட்டதும் எங்கே பிசகு என்று சொல்லிவிடுவான், திருப்பூரிலிருந்துகூட அதற்காக வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். "அவன் காதுல கேக்கறவனில்ல, கையில கேக்கறவன்" என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் நாலு பேர் நடுவில் சொன்னபோது எத்தனை பெருமையாக இருந்தது. கை இப்போதும் பொய் சொல்லவில்லை. ஊஃபர் சுத்தம். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு பிசிறு இல்லை, இப்போது பாட்டைப் போட்டால் நெஞ்சுக்கூடு அதிரும். ஆனால் அவள் சொல்லும் அந்த மெல்லிய சத்தம் ஊஃபரில் வராது, கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில்தான் வரும். அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கை ஏன் ஊஃபருக்கே போகிறது? ஒரு மணி நேரத்தில் ஒரு தடவையாவது கதவு ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தோமா? வைக்கவில்லை. வைத்தால்... சரி, வைத்தால் என்ன இப்போது? கெட்டுப்போச்சா? எழுந்து முன் கதவைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, ஸ்பீக்கரின் வலைமூடியில் காதை ஒட்டினான். "மிதிங்க்கா." மிதித்தாள். சூடான பிளாஸ்டிக் காதைச் சுட்டது. அவ்வளவுதான். தலைக்குமேலிருந்து சாந்தாமணி குனிந்து, "இதா, இதா, இப்ப நல்லா ஏறுது கேளுங்க," என்றாள். அவன் ஸ்பீக்கரிலிருந்து காதை எடுக்காமலே, "ம்," என்றான்.

அந்த 'ம்' ஏன் சொன்னோம் என்று டிக்கிக்குத் திரும்பி நடந்த நாலடியும் அவனுக்குப் பிடுங்கல்தான். கேட்காததற்கு எதற்கு 'ம்'? அவளுக்குக் காது ரொம்ப நீளம். சில பொம்பளைகளுக்கு அப்படித்தான், வீட்டில் பெண்டாட்டி கலாமணி இருக்கிறாளே, அடுக்களையில் பல்லி நகர்ந்தால் கூடத்திலிருந்து சொல்வாள். போன மாதம் சோறு உண்ணும்போது, "இந்த வருசம் கொசுவே இல்ல பாத்தியா, முனிசிபாலிட்டிக்காரன் நல்லா மருந்தடிக்கறான்," என்று அவன் சொன்னதற்கு அவள் சிரித்தாள் பார், ஏன் சிரித்தாள்? கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். கை காலெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்ததே, கொசு இல்லாமல் யார் கடித்தது? அன்றைக்கு அதை நினைக்கவில்லை. கொசு கடித்தது, ஆனால் வரவில்லை. வந்தது, ஆனால் சொல்லிக்கொண்டு வரவில்லை. சீ, வெயிலில் மூளை கழன்றுவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்து, எர்த் போல்ட்டைப் பார்ப்போம், பெயிண்டைச் சுரண்டாமல் மாட்டியிருந்தால் இப்படி ஆகும். சுரண்டித்தான் இருக்கிறது. ஆனாலும் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தான், தகரம் வெள்ளையாக மின்னும்வரைக்கும் தேய்த்தான், தேய்க்கத் தேய்க்க யாரையோ தேய்ப்பதுபோல் ஆத்திரம் வந்தது. குக்கர் விசிலும் அப்படித்தான். முன்பெல்லாம் குளித்துக்கொண்டே மூணு விசிலாச்சு என்று அவன்தான் குரல் கொடுப்பான். இப்போது ஏன் கொடுப்பதில்லை? குக்கர் மாற்றிவிட்டாள், புதுக் குக்கர் அவ்வளவாக விசில் அடிப்பதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். போல்ட்டை முறுக்கினான். "பாருங்க்கா." மிதித்தாள். "இல்லீங் தம்பி. போகலீங்க."

ஒரு வண்டியில் இப்படி வந்தால் வண்டி கோளாறு. இரண்டாவது வண்டி? பல்லடத்துக்காரரின் ஜீப் வந்ததே தை மாசம், அவரும் இதையேதான் சொன்னார், அவரோடு சண்டையே ஆகிவிட்டது, "ஏனுங், நாங்க என்ன பொய்யா சொல்றோம்?" என்று கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். அதற்கு முன்னால் கண் டாக்டரின் கார். டாக்டர் சண்டை போடவில்லை, வேறு கடைக்குப் போய்விட்டார். மூன்று வண்டி. மூன்றையும் மாட்டியது நான்தான். நான் மாட்டினால் என்ன, கடையில் எல்லா வண்டியும் நானும் உதவியாள் ரஃபீக்கும் சேர்ந்துதானே மாட்டுகிறோம்? இந்த வண்டி மாட்டியது ஞாயிற்றுக்கிழமை. ரஃபீக்குக்கு லீவு. பல்லடத்து ஜீப்? பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, நன்றாக நினைவிருக்கிறது, கரும்பு கட்டிக்கொண்டு வந்த வண்டி. டாக்டர் கார் ஞாயிறு தவிர வேறு என்றைக்கு வரும், அவருக்கு ஓய்வு அன்றைக்குத்தானே. சென்னியப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். மூன்றும் ஞாயிறு. சரி, ரஃபீக் இல்லாத நாளில் எனக்கு அவசரம், ஒற்றை ஆளாகச் செய்வதில் ஏதோ விட்டுப்போகிறது, அவ்வளவுதான். என்ன விட்டுப்போகிறது? ரஃபீக் இருக்கும் நாளில் என்ன நடக்கிறது? நான் மாட்டுகிறேன், டீக்குப் போகிறேன், திரும்பி வரும்போது அவன் வண்டிக்குள் படுத்துக்கிடக்கிறான். ஒரு நாள் திட்டினேனே. "நான் மாட்டுன எர்த்த எதுக்குடா பிரிச்சே? எனக்கே வேல சொல்லித் தர்றயா?" என்று. முப்பத்தெட்டு வயசு ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சும்மாதாண்ணே, போல்ட்டு லூசா இருந்துச்சு," என்றான். நான் முறுக்கிய போல்ட் லூசா? இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் போல்ட் லூசாக இருந்தது? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோபப்பட்டுவிட்டுப் போய்விட்டேன், கோபப்படுவது சுலபமாக இருந்தது.

கடைக்குள் போய்ப் போனை எடுத்தான். ரஃபீக் கொழுந்தியாள் நிக்காஹுக்கு அரவக்குறிச்சிப் பக்கம் போயிருந்தான், பின்னால் ஒரே கூச்சல். சென்னியப்பன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினான். இப்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறான், அதையும் இந்த நிமிஷம்தான் கவனித்தான்.

"அண்ணே, சொல்லுங்கண்ணே."

"சாந்தாமணியக்கா வண்டி வந்திருக்குது. ஏதோ சத்தம் வருதுங்கறாங்க."

"அதுங்களாண்ணே? விட்டு வைங்க, நாளைக்கு நான் வந்து பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாப்பே?"

"பவர் ஒயரும் பாட்டு ஒயரும் ஒரே பக்கமா வருதுல்லண்ணே. பாட்டு ஒயர மட்டும் எடப்பக்கம் மாத்திட்டாப் போதும், நின்னுரும்."

"சத்தத்தக் கேக்காமயே எப்படிறா சொல்றே?"

பின்னால் கூச்சல் குறைந்தது, ரஃபீக் தள்ளி வந்திருந்தான். பிறகு, "போன வாரம் அழைப்பிதழ் குடுக்க வந்தாங்கல்லண்ணே, ரோட்டுல நிக்கறப்பவே கேட்டுச்சு," என்றான். "அவசரமாக் கெளம்பிட்டாங்க."

"அப்ப நானும் பக்கத்துலதான நின்னேன்?"

"ஆமாண்ணே."

"எத்தன நாளா இப்படி?"

"அண்ணே, இங்க சாப்பாட்டுக்குக் கூப்புடறாங்க. நான் நாளைக்கு வந்து..."

"எத்தன நாளாடா?"

"ஒரு ரெண்டு வருசம் இருக்குங்கண்ணே," என்றான் ரஃபீக். "நான்தான் பாத்துக்கறேனல்லோ. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது? போனை மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கர்களைப் பார்த்தபடி நின்றான். வரிசை வரிசையாக அவை அவனைப் பார்த்தன. இரண்டு வருடம். இரண்டு வருடமாக நான் மாட்டி நான் சரிபார்த்து நான் சாவி கொடுத்த ஒவ்வொரு வண்டியையும் ஒருவன் பின்னாலேயே வந்து துடைத்திருக்கிறான், நான் அவனைத் திட்டியிருக்கிறேன். வேலை முடிந்ததும் இஞ்சினை உயர்த்தி ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்பது கடையின் வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே அவன்தான். ஒரு வண்டிக்கும் அதை விட்டதில்லை. கேட்டான், ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்காவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை நல்ல கணக்கு! அதனால்தான் ஒயர்களைப் பிரித்து இரண்டு பக்கமாக இழுக்கிற வழக்கமே தேய்ந்துபோனது, ஒரே பக்கம் இழுத்தாலும்தான் சத்தம் வரவில்லையே, எதற்கு வீண் வேலை என்று. கையில் கேட்கிறவனாம். காது போன பிறகுதான் கை வந்திருக்கிறது, அதைப்போய் வித்தை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். சின்ன சத்தம் முதலில் போகுமாம், யாரோ சொன்னார்கள். பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் இருபது வருடம் உட்கார்ந்தவனுக்கு அப்படித்தான் போகுமாம். அப்புறம்? அப்புறம் எது போகும்? கலாமணி குரல் அவ்வளவாகச் சின்னது இல்லை, அது கடைசியில்தான் போகும் என்று ஒரு கேலி மனசுக்குள் வந்தது. சத்தத்தை விற்கிற கடையில் காது கேட்காதவன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் பேசினால்? பேச என்ன, பல்லடத்துக்காரர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பார். ரஃபீக்கே ஒரு நாள் தனிக்கடை போட்டுவிட்டால்? போடட்டும், அவன் காது, அவன் கடை. போடவும் மாட்டான், மாட்டான் என்பதுதான் அதைவிட வெட்கமாக இருந்தது. வெளியே ஹாரன் அடித்தது. அது நன்றாகக் கேட்டது.

இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. கதவு ஸ்பீக்கரில் மேல் சத்தத்துக்கான ட்வீட்டர் ஒயரை நாலு கதவிலும் கழற்றிவிட்டால் போதும். அந்த ஙீ எல்லாம் பெரும்பாலும் அதில்தான் வரும். அவள் கேட்டால் "சரி பண்ணிட்டங்க்கா" என்று சாவியைக் கொடுத்துவிடலாம். பாட்டில் சலங்கை கொஞ்சம் மங்கும், பரவாயில்லை, நாளைக்கு ரஃபீக் வந்து... நாளைக்கு ரஃபீக் வந்து. அந்த வார்த்தையில் மனசு தடுக்கி விழுந்தது. இரண்டு வருடமாக என் வாயில் வராத அந்த வார்த்தை ரஃபீக்கின் வாயில் தினமும் இருந்திருக்கிறது, நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. சலங்கை மங்கினால் எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஐம்பது பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் வருகிறது, யார்மேல் வருகிறது? கட்டிங் பிளேயரை எடுத்தான். முன் கதவுவரைக்கும் போனான். சாந்தாமணி கண்ணாடியை இறக்கிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது, பொட்டு கரைந்து மூக்குவரைக்கும் வந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் அவள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"கண்டுபுடிச்சிட்டீங்களா தம்பி?"

"இல்லீங்க்கா." பிளேயரைத் திறந்து மூடினான். "எனக்கு அது கேக்கறதில்லீங்க்கா."

"எது?"

"நீங்க சொல்ற சத்தம். மூணு தடவையும் கேக்கலீங்க. கொஞ்ச நேரம் முன்னால 'ம்'முன்னு சொன்னது பொய்யிங்க."

சாந்தாமணி அவனைப் பார்த்தாள். அவள் சிரித்துவிடுவாள் என்று அவன் பயந்தான், பரிதாபப்பட்டுவிடுவாள் என்று அதைவிடப் பயந்தான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அட, அத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லோ! நாங் கேட்டுச் சொல்றேன், நீங்க கையப் போடுங்க. மணி மூணாச்சு."

"வாயில சொன்னா இஞ்சின் சத்தத்துல டிக்கிக்கு வராதுங்க்கா. சத்தம் இருக்கறவரைக்கும் கையத் தூக்கிக்குங்க. நின்னா எறக்கிருங்க."

அவள் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூக்கினாள், கும்மிக்குத் தூக்குவதுபோலவே, விரல்கள் சேர்ந்து, வளையல்கள் முழங்கைக்குச் சரிய. இஞ்சின் உயர்ந்தது. சென்னியப்பன் வலது பக்கத்துக் கதவுப் படிப் பட்டைகளைப் பெயர்த்தெடுத்தான். உள்ளே பவர் ஒயரும் பாட்டு ஒயரும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன, அவன்தான் பிளாஸ்டிக் டையைப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான், எத்தனை அழகாக, எத்தனை ஒழுங்காக. ஒவ்வொரு டையாக வெட்டினான். நிமிர்ந்து பார்த்தான். கை மேலேயே இருந்தது. பாட்டு ஒயரை ஒரு சாண் பிரித்தான். கை மேலேயே இருந்தது, ஆனால் விரல்கள் லேசாக மடங்கின. குறைகிறது என்கிறாளா, வலிக்கிறது என்கிறாளா? கேட்கவில்லை. முழு ஒயரையும் உருவி, சீட்டுக்கு மேலாகவே தூக்கி, இடது பக்கமாக டிக்கிவரைக்கும் இழுத்துப்போட்டு ஆம்ப்பில் சொருகினான். ஓடிவந்து எட்டிப் பார்த்தான். இஞ்சின் உச்சத்தில் இருந்தது. அந்தக் கை, வெயிலில் நனைந்த அந்தக் கை, மெல்லக் கீழே இறங்கிக் கதவின்மேல் படிந்தது.

"நின்னு போச்சுங் தம்பி. சுத்தமா நின்னு போச்சு."

அவன் காது கொடுத்தான். இஞ்சின். லாரி. முன்னால் இருந்தது எப்படியோ அப்படியே இருந்தது. போனது எது என்று அவனுக்குத் தெரியவில்லை, வந்தது எது என்றும் தெரிந்திருக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றான். சாந்தாமணி இஞ்சினை அணைத்து, பொட்டைக் கண்ணாடியில் பார்த்துத் திருத்திக்கொண்டாள். ஒயரை மறைத்துக் கட்ட இன்னும் அரை மணி நேரமாவது ஆகும், ஆறு மணிக்குப் போய்விடலாம்.

"ஏனுங்க்கா," என்றான் சென்னியப்பன். "அது எப்படி இருந்துச்சுங்க?"

"எது?"

"அந்தச் சத்தம்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, பாட்டுச் சொல்லித் தருகிறவர்களுக்கு உரிய கூச்சமின்மையோடு வாயைப் பாதி மூடி, மூக்காலும் தொண்டையாலும் அதைச் செய்து காட்டினாள். கீழே தொடங்கி, வண்டியை மிதிக்க மிதிக்க ஏறுவதுபோல ஏறி, சிணுங்கி, மேலே போய் நின்று, காலை எடுத்ததும் இறங்கியது. பட்டப்பகலில் தாராபுரம் சாலையில் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை கார் ஜன்னலிலிருந்து ஙீ என்பதைப் பார்த்து, எதிர்க்கடையில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை நிறுத்திச் சிரித்தார். சாந்தாமணியும் சிரித்துவிட்டாள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. எவ்வளவு அசிங்கமான சத்தம்! இதையா ஒரு மாதமாக இவள் தலையில் கட்டி அனுப்பினோம்? இதையா ரஃபீக் இரண்டு வருடமாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தான்? அவன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, முகத்தை ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவந்தான்.

"இன்னொரு தடவ பண்ணிக் காட்டுங்க்கா," என்றான்.